குழந்தையின் கையைக் குறை சொல்லும் முன் தாளைத் தொட்டுப் பாருங்கள்

"டீச்சர், எனக்கு வரைய வராது."

கலைக்கல்வி எடுக்கிற எவருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. முதலாம் ஆண்டில் அரிதாகக் கேட்கும். நான்காம் ஆண்டுக்கு மேல் வகுப்புக்கு நாலைந்து பேராவது சொல்வார்கள். அப்படிச் சொல்கிற பிள்ளையின் மேசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தாள் மெலிசு. தூரிகையின் மயிர் நாலா பக்கமும் பிரிந்து கிடக்கும். குவளைத் தண்ணீர் பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே கலங்கிப் போயிருக்கும். இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு தேர்ந்த ஓவியராலும் ஒரு வானத்தை ஒழுங்காகத் தீட்ட முடியாது. பிள்ளைக்கு அது தெரியாது. தன் கையைத்தான் நொந்துகொள்ளும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரே வகுப்பில் முப்பது பேருக்கு மேல் உட்காரும் பள்ளியும் உண்டு, மொத்தமே நூற்றைம்பது பேரைத் தாண்டாத பள்ளியும் உண்டு. கலைக்கல்விக்குக் கிடைப்பது பொதுவாக வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதை எடுப்பவர் பல நேரங்களில் ஓவியம் படித்தவராக இருக்க மாட்டார். காலையில் கணிதமோ அறிவியலோ எடுத்துவிட்டு வந்த வகுப்பாசிரியராக இருப்பார். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. வரையத் தெரியாத ஆசிரியராலும் நல்ல கலைவகுப்பு நடத்த முடியும். ஆனால் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தாளிலிருந்து தொடங்குவோம். தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள். நகலெடுக்கும் தாள் 70 அல்லது 80 கிராம். பிள்ளைகள் கடையில் வாங்கிவரும் வரைதாள் புத்தகம் பெரும்பாலும் 100 முதல் 135 கிராம் வரை. பென்சிலுக்கும் கிரேயானுக்கும் இது போதும். தண்ணீர் பட்டால் கதை வேறு. ஈரம் பட்ட இடத்தில் தாளின் நார் உப்பி விரியும். பக்கத்தில் காய்ந்திருக்கும் பகுதி விரியாது. இரண்டும் இழுத்துக்கொள்வதால் தாள் அலை அலையாக எழும்பும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். பிள்ளை அதைச் சரிசெய்ய நினைத்து மேலும் மேலும் தூரிகையால் தேய்க்கும். அப்போது நனைந்த நார் பிய்ந்து சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும், சற்று நேரத்தில் தாளில் ஓட்டை விழும். வகுப்பில் அழுகை தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நீர்வண்ணத்துக்குக் குறைந்தது 150 கிராம் தாள் வேண்டும், 200 கிராம் கிடைத்தால் நிம்மதி. பெரிய தாளாக மொத்தமாக வாங்கி நான்காக வெட்டிக்கொண்டால் புத்தகமாக வாங்குவதைவிட மலிவாக முடியும். பள்ளியில் காசு போதாவிட்டால் மாதத்தில் ஒரு பாடத்துக்கு மட்டும் நல்ல தாள் கொடுங்கள், மற்ற வாரங்களில் பென்சில் வேலையும் கிரேயான் வேலையும் செய்யலாம். நாலு வாரமும் மோசமான தாளில் நீர்வண்ணம் தீட்ட வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தாளின் நான்கு ஓரங்களையும் மேஸ்கிங் டேப்பால் மேசையிலோ அட்டையிலோ ஒட்டிவிடுங்கள். டேப்பின் பாதி அகலம் தாள்மேல், பாதி மேசைமேல் இருக்க வேண்டும். ஈரத்தில் எழும்பினாலும் காயும்போது தாள் மறுபடி இறுகித் தட்டையாகும். முழுக்கக் காய்ந்த பிறகு, படத்துக்கு வெளிப்பக்கமாக, தாளோடு தாழ்வாகச் சாய்த்து மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் மேல்நோக்கி இழுத்தால் ஓரம் கிழியும். டேப்பை எடுத்ததும் படத்தைச் சுற்றி நேரான வெள்ளை விளிம்பு ஒன்று கிடைக்கும். அதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே டேப் ஒட்டலாம்.

இங்கே காற்றின் ஈரப்பதம் வேறு சேர்ந்துகொள்ளும். திறந்த அலமாரியில் கிடக்கும் தாள் காற்றிலிருந்தே ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டுப் படுக்கை வாட்டில் வையுங்கள். செப்டம்பர், அக்டோபர் மாத மழையில் போஸ்டர் கலர் கனமாகப் பூசிய படம் மறுநாள்கூட ஒட்டும். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டும் போச்சு. கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது அழகாகத் தெரியும், ஆனால் வண்ணம் ஒழுகாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். அதுவரை வகுப்பின் பின்பக்கத் தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்புங்கள். மின்விசிறி குறைந்த வேகத்தில் ஓடட்டும்.

அடுத்தது தூரிகை. வண்ணப்பெட்டியோடு இலவசமாக வரும் மெல்லிய தூரிகையை அப்படியே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஏ4 தாளில் வானம் தீட்ட அந்தத் தூரிகைக்கு நூறு இழுப்பு தேவைப்படும். ஐம்பதாவது இழுப்பு வருவதற்குள் முதல் இழுப்பு காய்ந்துவிடும். ஈர வண்ணம் காய்ந்த வண்ணத்தைத் தொடும் இடத்தில் கடினமான ஒரு கோடு விழும். வானம் முழுக்க வரி வரியாகத் தெரிவது இதனால்தான். ஒரு பிள்ளைக்கு இரண்டு தூரிகை போதும்: அரை அங்குல அகலத்தில் ஒரு தட்டைத் தூரிகை, 6 அல்லது 8 எண்ணில் ஒரு வட்டத் தூரிகை.

வானம் தீட்டுவதை இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம். அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு புத்தகம் வைத்துச் சாய்வாக்குங்கள். நீலத்தை முன்கூட்டியே, இரண்டு தேக்கரண்டி வரும் அளவுக்குக் கரைத்து வைக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் நிறம் ஒத்துவராது. தட்டைத் தூரிகையை நன்றாக நனைத்து, இடமிருந்து வலமாக மேல் ஓரத்தில் ஒரே இழுப்பு. இழுப்பின் கீழ் விளிம்பில் வண்ணநீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்த நீரைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இப்படியே இறங்கி, கடைசியில் தங்கும் நீரைப் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு தொடக்கூடாது! தொட்டால் திட்டு விழும். "ஒரு தடவைதான், திரும்பிப் போகக்கூடாது" என்று எல்லாரும் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

தண்ணீர்க் குவளை இருவருக்கு இரண்டு. ஒன்று தூரிகை கழுவ, மற்றது வண்ணம் கரைக்க. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். உயரமான குவளை கவிழும், அதனால் கடையில் சாப்பாடு கட்டித் தரும் அடி அகலமான தாப்பாவ் டப்பாக்களைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். பழைய பனியன் துணியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கழுவிய தூரிகையைத் துணியில் ஒற்றாமல் அடுத்த நிறத்தில் வைப்பதுதான் வண்ணங்கள் அழுக்காவதற்கு முதல் காரணம். கழுவு, ஒற்று, தொடு: இந்த மூன்றையும் தண்ணீரில் மட்டும், வண்ணமே இல்லாமல், ஐந்து நிமிடம் பழக்குங்கள். தூரிகையை மயிர் கீழாகக் குவளையில் நிறுத்தி வைக்க விடாதீர்கள். மயிர் வளைந்துவிடும், தண்ணீர் உலோகப் பட்டைக்குள் ஏறி உள்ளே இருக்கும் பசையை இளக்கிவிடும், கொஞ்ச நாளில் மயிர் கொத்தாகக் கழன்று வரும்.

ஒரு மணி நேரத்தில் நிஜமாக வேலைக்குக் கிடைப்பது முப்பது முப்பத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடம் செய்து காட்டுவதற்குப் போகும், விநியோகத்துக்கு ஐந்து, சுத்தம் செய்யக் குறைந்தது பத்து. முப்பது பேரும் ஒரே குழாய்க்குப் போனால் வராந்தா குளமாகும். வரிசைக்கு ஒருவரைத் தண்ணீருக்கு, ஒருவரைத் தூரிகைக்கு என்று நியமியுங்கள். அழுக்குத் தண்ணீரை ஆசிரியர் ஒரு வாளி எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் வாங்கிக்கொள்வதுதான் விரைவான வழி.

இனி வண்ணம். பன்னிரண்டு நிறப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளை பெரும்பாலும் வண்ணம் கலக்கக் கற்றுக்கொள்ளாது, பச்சை வேண்டுமென்றால் பச்சைக் குழாயைப் பிதுக்கும். ஆண்டின் முதல் சில மாதங்கள் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கறுப்பு வேண்டாம். பெரிய போத்தலில் போஸ்டர் கலர் வாங்கி, சட்னி, சம்பல் கட்டித் தரும் மூடியுள்ள சின்ன டப்பாக்களில் இருவருக்கு ஒரு தொகுதி என்று பிரிக்கலாம். மஞ்சள் இரண்டு தேக்கரண்டி, வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. முப்பது பேருக்கு மஞ்சளும் வெள்ளையும் 150 மில்லி, சிவப்பும் நீலமும் 75 மில்லி வரும். மஞ்சளும் வெள்ளையும் இரட்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவை வலுக்குறைந்தவை, சீக்கிரம் அழுக்காகிறவை. மீந்ததை மூடி வைத்தால் அடுத்த வாரத்துக்கு ஆகும்.

கலக்கும்போது வெளிர்நிறத்தில் அடர்நிறத்தைச் சேர்க்க வேண்டும். பச்சைக்கு ஐந்து பங்கு மஞ்சளில் ஒரு பங்கு நீலம் போதும். பிள்ளைகள் தலைகீழாகத் தொடங்கி, நீலத்தைப் பச்சையாக்க டப்பா மஞ்சளையும் காலி செய்துவிடுவார்கள்.

ஊதா வராமல் பழுப்பாகிறது என்பது எல்லா வகுப்பிலும் வரும் புகார். கை சரியாகத்தான் கலக்கியிருக்கும், சிவப்புதான் தவறு. பெட்டியில் வரும் சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மூன்று முதன்மை நிறமும் கலந்தால் பழுப்புதான் வரும். கிரிம்சன் என்று எழுதியிருக்கும், இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்த சிவப்பை வாங்கி, அல்ட்ராமரின் நீலத்தோடு கலந்தால் ஊதா கிடைக்கும். இரண்டு சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலக்கிக் காட்டுங்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது அறிவியல் சோதனைக்கு நிகரான பாடம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கிரேயான் பெட்டியில் வெளிர் இளஞ்சிவப்பாக ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் அதைத் 'தோல் நிறம்' என்பார்கள், சில பெட்டிகளில் அப்படியே அச்சிட்டும் இருக்கும். தமிழ்ப்பிள்ளை தன் அம்மாவை, தாத்தாவை, தன்னையே அந்த நிறத்தில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அறிவுரை சொல்லி இதை மாற்ற முடியாது. கலக்கிக் கண்டுபிடிக்க வைத்தால் மாறும்.

மூன்று விரல் அகலத்தில் ஒரு நீளத் தாள்துண்டை வெட்டி, நடுவில் துளைப்பானால் ஒரு ஓட்டை போடச் சொல்லுங்கள். இரண்டு பங்கு மஞ்சளோடு ஒரு பங்கு சிவப்பு சேர்த்து முதலில் ஆரஞ்சு. தூரிகையின் மறுமுனையை நீலத்தில் தொட்டு, அதில் ஒட்டும் அளவு மட்டும் ஆரஞ்சில் கலக்க வேண்டும். ஆரஞ்சு பழுப்பாக இறங்கும். அதை ஓட்டையைச் சுற்றிப் பூசி, தாளை முன்கைமேல் வைத்து, ஓட்டை வழியாகத் தெரியும் தோலோடு ஒப்பிட வேண்டும். பச்சை அடித்தால் கொஞ்சம் சிவப்பு, ஊதா அடித்தால் மஞ்சள். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் சிவப்பும் நீலமும் துளித்துளியாக. வெளிற வேண்டுமென்றால் கடைசியாக வெள்ளை. சாம்பல் பூத்தால் வெள்ளையும் நீலமும் அதிகம் என்று பொருள், ஆரஞ்சைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கறுப்பைச் சேர்த்தால் மஞ்சளோடு சேர்ந்து பாசிப்பச்சையாகி, தோல் உயிரில்லாமல் தெரியும். கறுப்பு வேண்டாம் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூசியதும் முடிவு செய்ய விடாதீர்கள். போஸ்டர் கலரில் அடர்நிறங்கள் காய்ந்ததும் சற்று வெளுக்கும், வெளிர்நிறங்கள் சற்றுக் கருக்கும். பத்து நிமிடம் காய வைத்து மறுபடி பார்க்கட்டும். சில பிள்ளைகளுக்கு நாலைந்து துண்டு ஆகும். ஆகட்டும், அந்த நாளின் பாடமே அதுதான். புறங்கையும் உள்ளங்கையும் வேறு வேறு நிறம் என்பதையும் யாராவது ஒருவர் கண்டுபிடித்து உரக்கச் சொல்வார். கிடைத்த நிறத்துக்குப் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும்: தே தாரேக், கோப்பி, குலா மெலாக்கா, புளி. யாருடையது வெளுப்பு, யாருடையது கறுப்பு என்று வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டாதீர்கள். அது செய்த வேலையைக் கெடுத்துவிடும். பெயர்களின் அகரவரிசைப்படி ஒட்டுங்கள். அடுத்த வாரம் இந்த நிறத்தைக் கொண்டே அவரவர் முகம் வரையலாம்.

மெழுகு வேலைக்கு வருவோம். துணியில் மெழுகால் கோடு போட்டு வண்ணமேற்றும் பாத்தேக் நம் பாடத்திட்டத்தில் வரும் கைவினை. அதை ஓவியமாக்கி உலகுக்குக் காட்டியவர் பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். துணிக்குரிய பாத்தேக் முறையைக் கொண்டு 1950களில் அவர் படங்களைத் தீட்டத் தொடங்கினார். சூடான மெழுகும், அதை ஊற்றிக் கோடு போடும் சாந்திங் கருவியும் கீழ்வகுப்புகளுக்கு ஆகாது. ஆனால் மெழுகு தண்ணீரை விலக்கும் என்ற அடிப்படையை முதலாம் ஆண்டிலேயே காட்டலாம்.

கனமான தாளில் கிரேயானால் அழுத்தி வரைந்து, மேலே நீர்த்த வண்ணம் ஓட்டினால் கோடு பளிச்சென்று நிற்கும். நிற்காவிட்டால் மூன்று இடங்களில் பாருங்கள். கோடு அழுத்தமில்லாமல் இருக்கலாம்: தாளின் குழிகளுக்குள் மெழுகு இறங்காததால் வண்ணம் அங்கே நுழைந்துவிடும். வண்ணம் கெட்டியாக இருக்கலாம்: போஸ்டர் கலர் ஒரு தேக்கரண்டிக்கு ஆறு தேக்கரண்டி தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் மெழுகையும் மூடிவிடும். அல்லது ஒரே இடத்தில் பலமுறை தேய்த்திருக்கலாம். ஏழு வயதுக் கைக்கு அழுத்தம் போதாது, அவர்களுக்கு எண்ணெய் பேஸ்டல் வகை நல்லது, லேசாக இழுத்தாலே கனமாக ஒட்டும். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளைக் கோட்டின்மேல் அடர்நீலம் ஓட்டினால்தான் விளைவு தெரியும். கறுப்புக் கோட்டின்மேல் நீலம் ஓட்டினால் ஒன்றும் நடக்காது, பிள்ளை ஏமாந்துபோகும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்கு மாவுப்பசை முறை இருக்கிறது. நெருப்பு தேவையில்லை. மைதா அரை கப், தண்ணீர் அரை கப், படிகாரத்தூள் இரண்டு தேக்கரண்டி. படிகாரம் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கிடைக்கும். கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டி, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வடிகட்டாவிட்டால் போத்தல் மூக்கு அடைத்துக்கொள்ளும், முப்பது பேரும் ஒரே நேரத்தில் "டீச்சர், வரல" என்பார்கள். பருத்தித் துணியை முன்கூட்டியே துவைத்துக் கஞ்சி போக்கி, முப்பது சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்த அட்டையில் ஓரங்களை இறுக்கி ஒட்டுங்கள். மூக்குள்ள சாஸ் போத்தலில் பசையை நிரப்பி, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் கோடு இழுக்க வேண்டும். மெல்லிய கோடு காய்ந்ததும் உதிர்ந்துவிடும். உருவங்களின் கோடு மூடியிருக்க வேண்டும், திறந்த இடத்தில் வண்ணம் கசிந்து பக்கத்து அறைக்குப் போகும். பாத்தேக் கலைஞருக்கும் இதே கவலைதான்.

பசை காய ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள். ஓரம் ஒட்டியிருக்காவிட்டால் துணி சுருங்கிச் சுருண்டுவிடும். காய்ந்த துணியை எடுத்துக் கையால் லேசாகக் கசக்கினால் பசையில் விரிசல் விழும், அதன் வழியாக இறங்கும் வண்ணம்தான் பாத்தேக்கின் வரிகளைத் தரும். மேலே அக்ரிலிக் வண்ணத்தைச் சரிபாதி தண்ணீரோடு கலந்து பூசுங்கள். போஸ்டர் கலர் வேண்டாம், கடைசியில் கழுவும்போது எல்லாம் போய்விடும். தூரிகையால் ஒற்ற வேண்டும், தேய்த்தால் பசை கரையும். இன்னொரு நாள் காய வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டு, பழைய கரண்டியின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய பசையைக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆக, இது மூன்று வாரப் பாடம். ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்கும் அவசரத்தில்தான் பலர் இதைக் கைவிடுகிறார்கள்.

கோலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டுச் சொத்து. ஆனாலும் வகுப்பில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சதுரக்கட்ட நோட்டில் புள்ளி வைக்கச் சொல்கிறோம். அரை சென்டிமீட்டர் இடைவெளியில் எட்டு வயதுப் பிள்ளையால் வளைவு போட முடியாது. மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்தால் ஏ4 தாளில் தாராளமாக அடங்கும், கையும் தோளிலிருந்து வளையும். தீபாவளிக்கு அரிசிக் கோலம் என்றால் நொய்யரிசி ஒரு கப், வினிகர் ஒரு தேக்கரண்டி, உணவு நிறம் பத்துப் பதினைந்து துளி. பையில் போட்டுக் குலுக்கிச் செய்தித்தாளில் பரப்பிக் காய வையுங்கள். ஏ4 அட்டை ஒன்றுக்கு எல்லா நிறமும் சேர்த்து ஒரு கப் போதும். வெள்ளைப் பசையை உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசக்கூடாது, விசிறிக் காற்றில் காய்ந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் "வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது வயதோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

ஏழு எட்டு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, மேலே நீலப்பட்டையாக வானம், நடுவில் வெறும் வெள்ளை. வீட்டுச் சுவர் ஊடே உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள். அம்மா கதவைவிடப் பெரிதாக இருப்பார். இவை எதுவும் பிழையல்ல. அந்த வயதில் பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது, முக்கியமானதைப் பெரிதாக்குகிறது. வானம் தரையைத் தொட வேண்டும் என்று திருத்தினால் உங்களுக்காகத் தொடவைக்கும், காரணம் புரியாது. ஒன்பது வயதை ஒட்டி ஒன்றின் பின்னால் ஒன்று மறைவதைக் கவனிக்கத் தொடங்குவார்கள். பத்து, பதினொன்றில் நிஜம்போல வர வேண்டும் என்ற ஆசை வந்துவிடும், கண்ணும் கையும் இன்னும் அதற்குப் பழகியிருக்காது. "வராது" என்ற சொல் அப்போதுதான் பிறக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பார்த்து வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும். பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, தென்னை என்று போட்டு நகலெடுக்கச் சொல்வது அதற்கு நேரெதிரான காரியம். அந்தப் படத்தை மலேசியாவில் எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம், எந்தப் பிள்ளையும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

ஒரு நல்ல தொடக்கம்: பள்ளிக் காலணி. இப்போது எல்லாருக்கும் கறுப்பு. ஒரு காலணியைக் கழற்றிச் செய்தித்தாள்மேல் வைத்து மூன்று நிமிடம் பார்க்கட்டும். பென்சில் தொடாமல், விரலை நீட்டி விளிம்பைக் காற்றில் வரையட்டும். கயிறு போகும் ஓட்டைகளை எண்ணட்டும். பிறகு தாளில் நான்கு சிறு கோடுகள்: காலணி எங்கே தொடங்கும், எங்கே முடியும், மேல் எது, கீழ் எது. இந்த நான்கு கோடு இல்லாவிட்டால் படம் மூலையில் சுருங்கும், அல்லது முனை தாளைத் தாண்டிப் போய்விடும். தேர்வுக்காக வைத்திருக்கும் 2பி பென்சிலே நல்லது. எச்பி வெளிறித் தெரியும், அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். முதல் கால் மணி நேரம் அழிப்பான்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம் என்று தெரிந்ததும் பயம் பாதி போய்விடும். அடுத்த பாடத்தில் அதே காலணியை, கறுப்புத் தாளில் வெள்ளைக் கிரேயானால், வெளிச்சம் படும் இடங்களை மட்டும் வரையச் சொல்லுங்கள். கறுப்புப் பொருளில் இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதா என்று அவர்களே வியப்பார்கள்.

ஆறாம் ஆண்டுக்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் அருமையான பாடம். முகப்பு ஒடுங்கியது, இரண்டு மாடி, கீழே ஐந்தடி நடைபாதை, மேலே வரிசையாகப் பலகணிக் கதவுகள், ஓட்டுக்கூரை. நேர் முகப்பை மட்டும் வரைவதால் தூரக்காட்சி விதிகள் தேவைப்படாது. ஏ3 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு வீடு. நடைபாதையின் உயரத்தையும் கூரையின் உயரத்தையும் எல்லாரும் ஒரே அளவில் குறித்துக்கொண்டால், பத்துப் பேரின் தாளைச் சேர்த்து ஒட்டும்போது லெபோ பாசார் போலவே ஒரு தெரு எழும்பும். நீர்வண்ணத்தில் தீட்டினால் யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா அரிஃப் (1904–1962) இருவரின் படங்களையும் காட்டுங்கள். பினாங்கின் கடலையும் மரங்களையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர்கள். வெளிச்சத்துக்கு வெள்ளை பூசாமல் தாளின் வெள்ளையையே விட்டுவைப்பது நீர்வண்ணத்தின் பழைய வழி. அதை அவர்கள் படங்களில் எங்கெல்லாம் காண முடிகிறது என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள், பிறகு தங்கள் படத்திலும் ஓரிடத்தைப் பூசாமல் விடுவார்கள்.

வண்ணம் தீட்டும் போட்டிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பிள்ளை ஆசைப்பட்டால் போகட்டும். ஆனால் அச்சடித்த கோட்டுக்குள் பேஸ்டலை அழுத்தி வழுவழுப்பாக்கும் பயிற்சி, விரலுக்குப் பலம் தரும், கண்ணுக்கு ஒன்றும் தராது. கோப்பை வாங்கிய பிள்ளைக்கும் காலணிப் பாடம் தேவை.

மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை கொடுக்கும்போது, முடிந்த படத்தின் அழகை மட்டும் பார்த்தால் நியாயம் கிடைக்காது. ஊதா வராததற்குக் காரணம் கண்டுபிடித்த பிள்ளை, நாலாவது துண்டில் தன் நிறத்தைப் பிடித்த பிள்ளை, இவர்களின் சோதனைத் தாள்களையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்பக்கத்தில் பெயர், தேதி, என்ன சேர்த்தோம் என்ற குறிப்பு ஒரு வரி. "இது என்ன?" என்று கேட்காதீர்கள், தெரியவில்லை என்று பிள்ளைக்குக் கேட்கும். "இந்த இடத்தை எப்படிச் செய்தாய், சொல்லும்மா" என்று கேட்டால் பேசத் தொடங்கும். எங்காவது வழி காட்ட வேண்டியிருந்தால் உங்கள் பென்சிலை அவர்களின் தாளில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்து அதில் போட்டுக் காட்டிவிட்டு, அந்தத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.